தோற்ற டெண்டர் ஒன்று, ஜெயித்த டெண்டர் ஒன்று

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தம்பி மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி வீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்து நான்கு வருஷமாக ஓட்டுகிறான். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முதல் தடவையாக ஒரு பெரிய டெண்டருக்கு ஆஃபர் போடுகிறானாம். திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குள் ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும்.

"பெரியப்பா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் இதைத்தானே பண்ணீங்க. இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்றான்.

இங்கிலீஷ் நன்றாகத்தான் இருந்தது. என் காலத்தில் நான் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் டெலிவரி பத்து வாரம் என்றிருந்தது, பதினெட்டாம் பக்கத்தில் அறுபது நாள் என்றிருந்தது. பதினோராம் பக்கத்தில் இந்த டெண்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயர். போன வருஷம் அவர்களுக்குப் போட்ட ஆஃபரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான்.

"இது இங்கிலீஷ் கோளாறு இல்லைடா, உட்காரு" என்று சொல்லி, காபி வந்ததும் அவனுக்கு இரண்டு கதை சொன்னேன். ஒன்று நான் தோற்ற டெண்டர். இன்னொன்று நான் ஜெயித்த டெண்டர். முதல் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவனிடம் சொன்ன பிறகு இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் 1983-ல் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர் பாஸ், அதுதான் தகுதி. காலையில் பொன்னேரியில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனிலிருந்து ஜி.என்.டி. ரோட்டைத் தாண்டி சிப்காட்டுக்கு சைக்கிள். எஸ்டிமேஷன் செக்‌ஷனில் உட்கார வைத்தார்கள். அடித்து அடித்து, என்ன அடிக்கிறோம் என்று புரிந்துகொண்டு, கடைசியில் ஆஃபர் தயாரிப்பதே என் வேலையாகிவிட்டது. 2019-ல் அந்த நாற்காலியிலிருந்துதான் ரிட்டயர் ஆனேன்.

நம் பக்கத்து வளர்ச்சியை நீங்களும் பார்த்தவர்கள்தான். மணலியில் ரிஃபைனரியும் உரத் தொழிற்சாலையும் முன்பே இருந்தன. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகள் 1994-லிருந்து 1996-க்குள் ஓட ஆரம்பித்தன. 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை வந்தது. இது மாதிரி எது வந்தாலும் தொட்டி வேண்டும், பைப் வேண்டும், அவற்றைத் தாங்க இரும்பு ஸ்ட்ரக்சர் வேண்டும். அந்த வேலைக்காகத்தான் எங்களைப் போன்ற பட்டறைகள் சிப்காட்டில் வரிசையாக நின்றன. ஆனால் இரும்புத் தகடு லாரியில் வந்து இறங்குவதற்கு ஆறு மாதம் முன்பே காகிதம் வந்துவிடும். அந்தக் காகிதத்துக்கு எங்கள் பதில்தான் ஆஃபர்.

வெளியில் இருப்பவர்கள் ஆஃபர் என்றால் விலை என்று நினைப்பார்கள். விலை ஒரு பக்கம்தான். என்ன பொருள், எந்தத் தகடு, எத்தனை மில்லிமீட்டர், எந்த வெல்டிங், என்ன சோதனை, எந்தப் பெயிண்ட், எத்தனை வாரம், எத்தனை மாதம் உத்தரவாதம் என்று நூறு பக்கம் போகும். இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. டிசைன் சாருக்கு அளவு தெரியும். குவாலிட்டி ஆபீசருக்குச் சோதனை தெரியும். பர்ச்சேஸ்காரருக்குத் தகடு எப்போது கிடைக்கும் என்று தெரியும். ஃபோர்மேனுக்கு வேலை உண்மையில் எப்படி நடக்கும் என்று தெரியும். இதில் ஒன்றுமே தெரியாத என்னிடம்தான் பேனா இருந்தது.

முதல் கதை 2001-ல் நடந்தது. அரசு சார்ந்த ஒரு அமைப்புக்குத் தண்ணீர்த் தொட்டிகள். மொத்தக் கொள்ளளவு 650 கிலோ லிட்டருக்குக் குறையக் கூடாது என்று டெண்டரில் இருந்தது. எங்கள் டிசைன் சார் பத்து மீட்டர் விட்டம், ஒன்பது மீட்டர் உயரம் என்று போட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 706 வரும். அவர் ரவுண்டாக 700 என்று எழுதிக் கொடுத்தார். அது ஐந்தாம் பக்கத்தில் ஏறியது.

டேட்டா ஷீட்டை வேறொரு இன்ஜினியர் பூர்த்தி செய்தார். அவர் பம்ப், பைப் பக்கத்து ஆள். தொட்டியை விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, மேலே அரை மீட்டர் விடுவார்கள். அடியில் அரை மீட்டர் தண்ணீர் வெளியேறாமல் தங்கிவிடும். மீதி எட்டு மீட்டர்தான் புழங்கும் தண்ணீர். அது 628. அவர் "கொள்ளளவு 625" என்று எழுதினார். அது நாற்பத்தி இரண்டாம் பக்கத்தில் ஏறியது.

இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். ஒருவர் மொத்தக் கொள்ளளவைச் சொன்னார், மற்றவர் புழங்கும் கொள்ளளவைச் சொன்னார். இரண்டுக்கும் "கபாசிட்டி" என்று ஒரே பெயரைப் போட்டு ஒரே ஆஃபரில் நான் சேர்த்தேன். இரண்டு பக்கத்தையும் அடித்தது என் கைதான். கண்ணில் படவில்லை.

அப்போதெல்லாம் இரண்டு கவர் முறை. முதல் கவரில் டெக்னிக்கல், இரண்டாவது கவரில் விலை. டெக்னிக்கலில் தேறினால்தான் விலைக் கவரைப் பிரிப்பார்கள். எங்கள் இரண்டாவது கவர் அரக்கு சீல் உடையாமல் அப்படியே திரும்பி வந்தது.

மேனேஜரும் நானும் போய் அந்த அதிகாரியைப் பார்த்தோம். டிராயிங்கை விரித்து, பத்து மீட்டர், ஒன்பது மீட்டர், பெருக்கிப் பாருங்கள் என்று மேனேஜர் மன்றாடினார். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க பேப்பர்ல ரெண்டு நம்பர் இருக்கு. எது நிஜம்னு நான் முடிவு பண்ண முடியாது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்னு வைங்க, உங்களுக்குச் சாதகமான நம்பரைச் சொல்ல வாய்ப்பு குடுத்துட்டேன்னு மத்த மூணு பேரும் எழுதுவாங்க. அப்புறம் நான் ஆடிட்டுக்குப் பதில் சொல்லணும்."

வெளியே வந்து மேனேஜர் அவரைத் திட்டித் தீர்த்தார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. 1998-ல் தமிழ்நாடு அரசு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது, 2000-ல் அதற்கு விதிகள் வந்தன. அதற்கு முன்பு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்ட பல விஷயங்கள் அதற்குப் பிறகு காகிதத்தில் இருந்தால்தான் உண்டு என்றாயின. அந்த அதிகாரி எங்கள் மனதில் இருப்பதைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு என்ன உரிமை? அவர் முன்னால் இருந்தது காகிதம். அது இரண்டு நாக்கோடு பேசியது.

பின்னால் அந்த வேலை என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தது. எங்கள் சீல் உடையாத கவரில் இருந்த விலை அதைவிடக் குறைவு. நாற்பது பேருக்கு நான்கு மாத வேலை. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் காண்டிராக்ட் வெல்டர்களை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு ரயிலில் வருபவர். ஒரு மாதம் அவர் இருந்த பெட்டியில் நான் ஏறவில்லை.

இந்த மாதிரி தப்பு நம்மைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் வருவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1983-ல், ஜூலை 23-ம் தேதி, ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மாண்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போகும் வழியில், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுபோனது. கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானம் கிலோ கணக்கு விமானம். எரிபொருள் கணக்கு போட்டவர்கள் லிட்டருக்கு 1.77 என்ற பழைய பவுண்டுக் கணக்கைப் போட்டார்கள். கிலோவில் அது சுமார் 0.8 தான். வேண்டியதில் பாதிகூட நிரப்பாமல் விமானம் கிளம்பிவிட்டது. பைலட் இன்ஜின் இல்லாமலே மிதக்க விட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கு போட்டவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. எண் இருந்தது, எதன் எண் என்பது கூடவே இல்லை. என் 625-ம் அப்படித்தான்.

அதற்குப் பிறகு நான் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். புதிதாகத் தொழில் செய்யும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

முதலாவது, ஒரு பக்க எண் பட்டியல். ஆஃபர் எழுத ஆரம்பிக்கும் முன்பே, அதில் வரப்போகும் முக்கியமான எண்களை ஒரே தாளில் எழுதிவிடுவேன். கொள்ளளவு, எடை, அழுத்தம், வாரம், உத்தரவாதம், விலை செல்லுபடியாகும் நாள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அதைச் சொன்னவர் யார் என்று எழுதி அவரிடம் சுருக்கெழுத்து வாங்கிக்கொள்வேன். எண்ணை மாற்ற வேண்டுமானால் அந்தத் தாளில்தான் மாற்ற வேண்டும், அவரேதான் மாற்ற வேண்டும். மற்ற பக்கங்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதுபவை.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரே பெயர். 2006-ல் ஐ.எஸ். 2062 என்ற இரும்புத் தகட்டுத் தரத்தைத் திருத்தினார்கள். அதுவரை எஃப்.இ. 410 என்று சொன்ன தகட்டுக்கு இ 250 என்று பெயர் வந்தது. தகடு அதேதான். எங்கள் டிசைன் பிரிவு புதுப் பெயரை எழுதியது, பர்ச்சேஸ் பழைய பெயரையே எழுதியது. படிப்பவருக்கு இரண்டு வகை இரும்பு கொடுக்கிறார்களோ என்று சந்தேகம் வராதா? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆஃபரில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். ஒரு இடத்தில் டேங்க், இன்னொரு இடத்தில் வெஸல் என்று அழகு பார்த்தால், இரண்டுக்கும் தனித்தனியாக விலை எங்கே என்று கேட்பார்கள்.

மூன்றாவது, ஒரே அளவை. அழுத்தத்தைப் பத்து பார் என்று ஒருவர் எழுதுவார், பத்து கிலோ என்று இன்னொருவர் எழுதுவார். ஒரு பார் என்பது 1.02 கிலோ. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் சோதனை நாளன்று இன்ஸ்பெக்டர் அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் வந்து நிற்பார்.

நான்காவது, நிபுணர்களிடம் "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் தர மாட்டார்கள். தந்தாலும் கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு, போன ஆஃபரின் நகலைத் தருவார்கள். அதற்குப் பதிலாக எனக்குப் புரிந்தவரை நானே தப்பும் தவறுமாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எழுதச் சோம்பல்படும் மனிதர், தப்பாக எழுதியதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். "யார் சொன்னது உனக்கு இப்படி?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதில் எது தப்பாகப் போக வாய்ப்பு இருக்கு சார்?" அதற்கு வரும் பதில்தான் ஆஃபரிலேயே விலை உயர்ந்த பகுதி.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த வேலை சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டைப்ரைட்டர் காலத்தில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமானால் கார்பன் வைத்து முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்குப் பயந்தே முதலில் நான்கு தடவை கேட்டுக்கொள்வோம். கம்ப்யூட்டரில் மாற்றுவது ஒரு நொடி. அதனால் மூன்றாம் பக்கத்தில் மாற்றுவோம், பதினெட்டாம் பக்கம் பழையபடியே கிடக்கும். தம்பி மகனுக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஐந்தாவது பழக்கம் ஒன்று உண்டு. அது என் அப்பாவுடையது. அதை நான் கைக்கொள்ளாமல் போனதுதான் இரண்டாவது கதை.

அப்பா பொன்னேரி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர். சர்வே நம்பர், செக்குபந்தி, தொகை எண்ணாலும் எழுத்தாலும் என்று மணி மணியாக எழுதுவார். எழுதி முடித்ததும் விற்பவரையும் வாங்குபவரையும் எதிரில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் படித்துக் காட்டுவார். "வடக்கே வாய்க்கால்" என்று படிக்கும்போது, "இல்லீங்க, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வரப்பு எங்க பெரியப்பன் பங்கு" என்று ஒருவர் சொல்வார். அப்பா அடித்துத் திருத்துவார். "படிச்சுக் காட்டாத பத்திரம் பாதிப் பத்திரம்" என்பார். அவர் எழுதிய பத்திரங்கள் ஒன்றிரண்டு டெண்டர் நோட்டீஸைவிடத் தெளிவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் பெரும்பாலான டெண்டர்களில், எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தே செல்லும் என்று ஒரு விதி இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வரும்.

2005 ஆகஸ்டில் வெளி மாநில ஆலை ஒன்றுக்கு இரும்பு ஸ்ட்ரக்சர் செய்து பெயிண்ட் அடித்து அனுப்பும் டெண்டர் வந்தது. பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எங்கள் ஃபோர்மேனிடம் போய் உட்கார்ந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மீஞ்சூர்க்காரர். ஆபீசில் என்னை "சார்" என்பார், ரயிலில் "தம்பி" என்பார். நான் எங்கேயும் "அண்ணே" தான். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு டிராயிங்கைப் பார்த்தால் எத்தனை வெல்டிங் ராடு செலவாகும் என்று சொல்லிவிடுவார்.

"பதினாலு வாரம் போடு தம்பி" என்றார். காரணமும் சொன்னார். ஆர்டர் செப்டம்பரில் வந்தால் பெயிண்ட் வேலை சரியாகக் கார்த்திகையில் வந்து விழும். பிளாஸ்டிங் பண்ணி வெள்ளி மாதிரி ஆக்கிய இரும்புக்கு நாலு மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்தாக வேண்டும். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக் கூடாது. இரும்பின் சூடு, பனி இறங்கும் சூட்டைவிட மூன்று டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். இதெல்லாம் பெயிண்ட் கம்பெனிக்காரன் போட்ட விதி. "பழவேற்காட்டுப் பக்கத்திலேருந்து உப்புக் காத்து வரும். மழை மாசத்துல நம்ம யார்டுல எத்தனை நாள் 85-க்குக் கீழே இருக்கும்னு நினைக்கிற?" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. வழியும் சொன்னார். "இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம். தகடு வந்த உடனே, வெட்டுறதுக்கு முன்னாடியே பிளாஸ்டிங் பண்ணி ஒரு கோட் பிரைமர் அடிச்சு வச்சிடலாம். ஐப்பசிக்கு முன்னாடி முடிஞ்சிடும். வெல்டிங் போட்ட இடத்தை மட்டும் அப்புறம் டச்-அப் பண்ணிக்கலாம். கொஞ்சம் செலவு கூடும். ஆனா பன்னெண்டு வாரத்துல அனுப்பிடலாம்."

இரண்டையும் எழுதிக்கொண்டு மேலே போனேன். மார்க்கெட்டிங் மேனேஜர் பார்த்தார். பதினாலு வாரம் என்று போட்டால் அது டீவியேஷன், அதற்கு விலையில் லோடிங் போட்டு நம்மைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். தகடு பிரைமர் என்று போட்டால் விலை ஏறும். "ரெண்டும் வேணாம். பன்னெண்டுன்னு போடுங்க. ஆர்டர் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

நான் போட்டேன். மேனேஜர் சொன்னார், செய்தேன் என்று முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. பன்னிரண்டு என்று போட்டதும் ஆஃபர் பார்க்க அழகாக இருந்தது. எல்லாப் பக்கத்திலும் ஒரே எண். எண் பட்டியலில் அண்ணனின் சுருக்கெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "பிளானிங்" என்று பொதுவாக எழுதிவிட்டேன். ஒரு முரண்பாடும் இல்லாத ஆஃபர். 2001-ல் தோற்றவன் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். சொல்லவில்லை.

ஆர்டர் வந்தது. ஸ்வீட் கொடுத்தார்கள்.

2005 மழையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் கடைசியிலேயே ஊர் மிதந்தது. பிளாஸ்டிங் பண்ணிய பீஸ்கள் காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்து நிற்கும். திரும்ப பிளாஸ்டிங். தார்ப்பாய் கட்டினார்கள், உள்ளே ஹாலோஜன் விளக்கு போட்டுச் சூடு பண்ணிப் பார்த்தார்கள். அண்ணன் ராத்திரி வீட்டுக்குப் போகாமல் யார்டிலேயே ஈரமானியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் 85-க்குக் கீழே இறங்கும் இரண்டு மணி நேரத்துக்காக ஆட்களை எழுப்புவார். கடைசியில் பதினேழு வாரம் ஆனது. அவர் சொன்ன பதினாலும் தாண்டியது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் பதினாலைச் சும்மா சொல்லவில்லை. காரணத்தோடு சொன்னார், வழியோடு சொன்னார்.

தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம். ஐந்து வாரத்துக்கு இரண்டரை சதவீதம். அதைக் கம்பெனி தாங்கியது. என்னால் தாங்க முடியாதது ரிவ்யூ மீட்டிங். ஆலைத் தரப்பிலிருந்து வந்தவர் ஆஃபரைப் பிரித்து, "பன்னிரண்டு வாரம் என்று கணக்குக் கொடுத்தது யார்?" என்று கேட்டார். மேனேஜர் எதுவும் சொல்லாமல் ஃபோர்மேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். என் பேனா நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் ஒரே பெட்டியில் ஏறினோம். கவரைப்பேட்டை வரை பேசவில்லை. வண்டி அங்கே நின்று கிளம்பியதும் அவர் சொன்னார்: "நான் சொன்னது பதினாலு. எழுதினது பன்னெண்டு. ஆபீஸ்ல ஆயிரம் காரணம் இருக்கும், அது எனக்குத் தெரியாது. ஆனா எழுதினதை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டியிருக்கலாம் சார்."

ரயிலில் அவர் என்னை "சார்" என்றது அதுதான் முதல் தடவை. பொன்னேரி வந்ததும் இறங்கிவிட்டேன்.

அப்பா தினமும் செய்த காரியம் அது. பெயர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். எழுத்தில் இருக்கும் வாக்கு எழுதுபவனுடையது இல்லை, அதைக் காப்பாற்றப் போகிறவனுடையது. அந்த இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கப் போவது நான் இல்லை, மேனேஜரும் இல்லை. அவர் பெயரில் நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் விட்டோம். 2001-ல் என் தப்பு காகிதத்துக்குள் இருந்தது, ஒரு அதிகாரியால் கண்டுபிடிக்க முடிந்தது. 2005-ல் காகிதத்துக்குள் ஒரு தப்பும் இல்லை. காகிதத்துக்கும் யார்டுக்கும் நடுவில்தான் இருந்தது. அதை யாரும் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஒரு ஆஃபரைக்கூட நான் படித்துக் காட்டாமல் அனுப்பவில்லை. கவர் ஒட்டுவதற்கு முந்தின நாள், டெலிவரி, சோதனை, பெயிண்ட், உத்தரவாதம் ஆகிய நான்கு பகுதிகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போய்விடுவேன். சத்தமாக, தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். வெல்டர், பெயிண்டர், கிரேன் ஆப்பரேட்டர் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். மேனேஜர்கள் மாறினார்கள், சிலர் சிரித்தார்கள். சில தடவை ஷாப் சொன்னதை மீறித்தான் ஆஃபர் போனது. அப்போதும் அவர்களுக்குத் தெரிந்தே போனது. டீவியேஷன் போடத் தயங்கும் இடத்தில், டெண்டருக்கு முன்னால் நடக்கும் ப்ரீ-பிட் மீட்டிங்கிலேயே கேள்வியாகக் கேட்கக் கற்றுக்கொண்டோம். மழை மாதத்துக்குப் பெயிண்ட் வேலைக்கு அவகாசம் உண்டா என்று கேட்டால், பல தடவை எல்லோருக்கும் பொதுவாகவே அவகாசம் கொடுத்தார்கள். அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் 2009-ல் ரிட்டயர் ஆனார். கடைசி நாள் வரை நான் படித்துக் காட்டும்போது அவர்தான் முன்னால் நிற்பார், தப்பைக் கண்டுபிடிப்பார். ரயிலில் மறுபடி "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார். எப்போது ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவில்லை. மன்னிப்பு மட்டும் நான் வாயால் கேட்டதே இல்லை. போன வருஷம் அவர் காலமானார்.

தம்பி மகன் இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். "இப்ப என்ன பெரியப்பா பண்ணணும்?" என்றான்.

"பேரை மாத்து. பத்து வாரமா, அறுபது நாளா, ஒண்ணை முடிவு பண்ணு. ஆனா நீயா முடிவு பண்ணாதே. நாளைக்குக் காலையில ஷெட்டுக்குப் போய் உன் ஆளுங்களை உட்கார வச்சு முழுசாப் படிச்சுக் காட்டு."

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் கிரைண்டர் சத்தம். "பெரியப்பா, ஒரு பீஸ் எட்டு டன்னுன்னு எழுதியிருக்கேன். நம்ம ஃபிட்டர் அண்ணன் கேக்குறாரு, நம்ம கிரேன் அஞ்சு டன்னுதானே தம்பி, யாரு தூக்குறதுன்னு."

"அவர்கிட்டயே கேளு, என்ன பண்ணலாம்னு" என்றேன்.

"கேட்டேன். ரெண்டு பீஸா பண்ணி சைட்ல போல்ட் போட்டுக்கலாம்கிறாரு. டிராயிங்கை மாத்தணும், வாரமும் மாறும். ராத்திரி முழுக்க உட்காரணும்."

"உட்காரு. மாத்தினப்புறம் மறுபடி படிச்சுக் காட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.